107 விநாடி வானம்

பதிவான வானம் அந்த நாட்களில் தபாலில் பயணம் செய்தது. போர்ட்டோ ரிக்கோ தீவில், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே இயற்கையாக அமைந்த ஒரு பெரும்பள்ளத்தில், 305 மீட்டர் விட்டத்துக்கு விரிந்து கிடந்தது அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி. அது கேட்டதையெல்லாம் காந்த நாடாக்களில் பதித்து, பெட்டியில் போட்டு, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அவ்வளவு தரவையும் சுமக்கத்தக்க இணைய இணைப்பு அந்த மலைப்பகுதியில் அப்போது இல்லை. ஒரு நாடாவுக்கு 35 கிகாபைட், அதாவது 15.5 மணி நேர வானம். பெர்க்லியில் அதை அதிர்வெண் வாரியாக 256 கீற்றுகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கீற்றையும் 107 விநாடித் துண்டுகளாக நறுக்குவார்கள். அப்படி நறுக்கிய ஒரு துண்டு சுமார் 340 கிலோபைட். தொலைபேசி மோடம் வழியாகக்கூட ஓரிரு நிமிடத்தில் அது ஒரு வீட்டுக்குள் வந்து சேர்ந்துவிடும்.

வந்த பிறகு அந்த வீட்டுக் கணினிக்கு அதைச் சலித்து முடிக்க ஒரு நாளும் ஆகும், சில நாட்களும் ஆகும். வீட்டுக்காரர் எழுந்து போன பிறகு, விசைப்பலகையில் யார் விரலும் படாத நேரத்தில், ஸ்கிரீன் சேவராக அது வேலையைத் தொடங்கும். திரையில் வண்ண வண்ணமாய் முகடுகள் எழும்பி நகரும். யாராவது வந்து மவுஸைத் தொட்டால் விலகிக்கொள்ளும். முடித்ததும் மறுபடி இணையத்தில் ஏறி, கண்டதைச் சில வரிகளில் எழுதி அனுப்பிவிட்டு, அடுத்த துண்டை வாங்கிக்கொள்ளும். 1999 மே 17 அன்று தொடங்கி 2020 மார்ச் 31 வரை இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்தது. ‘செட்டி அட் ஹோம்’ என்று பெயர். பூமிக்கு வெளியே அறிவுள்ள உயிர்கள் ஏதேனும் ரேடியோ அலைகளை அனுப்புகின்றனவா என்று தேடுவதற்காக, உலகெங்கும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் கணினியைத் தந்தார்கள்.

அது எதையும் கண்டுபிடிக்கவில்லையே என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிடுகிறவர்களோடு எனக்கு வழக்கு உண்டு. இல்லை என்று சொல்வதற்கும் ஒரு தகுதி வேண்டும். தேடாதவன் சொல்லும் இல்லைக்கும், ஒவ்வொரு விநாடியையும் ஒவ்வொரு கீற்றையும் புரட்டிப் பார்த்தவன் சொல்லும் இல்லைக்கும் இடையே உள்ள தூரம்தான் அறிவியல். அந்தத் தூரத்தை இருபது ஆண்டுகளில், ஆளுக்கு 107 விநாடியாகப் பங்கு போட்டு, முன்பின் அறியாத மனிதர்கள் கடந்தார்கள்.

இது வறுமையில் பிறந்த யோசனை. அமெரிக்காவின் நாசா 1992-இல் இத்தகைய தேடல் ஒன்றைத் தொடங்கியது. ஓராண்டுக்குள் அந்நாட்டு காங்கிரஸ் பணத்தை நிறுத்திவிட்டது. வேற்றுக்கிரக மனிதரைத் தேட மக்கள் வரிப்பணமா என்ற கேள்விக்கு அரசியலில் எப்போதும் கைதட்டல் கிடைக்கும். அதன் பிறகு இந்தத் துறை தனியார் நன்கொடையில் உயிர்வாழப் பழகியது. 1990-களின் நடுவில் டேவிட் கெட்டி என்ற கணினி வல்லுநர் வேறொரு கோணத்தில் யோசித்தார். தேடலுக்கு வேண்டியது மீக்கணினி. அதை வாங்கப் பணம் இல்லை. ஆனால் மேஜைகளின் மேல் லட்சக்கணக்கான கணினிகள் வெறுமனே எரிந்துகொண்டிருக்கின்றன. பெர்க்லியின் விண்வெளி அறிவியல் ஆய்வகத்தில் டேவிட் ஆண்டர்சன், டான் வெர்தைமர், எரிக் கோர்பெலா முதலானோர் அந்த யோசனையைச் செயலாக்கினார்கள். பிளானட்டரி சொசைட்டியும், ஸ்டார் ட்ரெக் படங்களை எடுத்த பாரமவுண்ட் நிறுவனமும் கொடுத்த சிறு தொகை முதலீடாயிற்று. 50,000 பேர் சேர்ந்தால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். சில நாட்களில் 2 லட்சம் பேர் வந்து நின்றார்கள். ஓராண்டில் 20 லட்சம். சர்வர்கள் திணறின. கணினிகள் பெருகி, கொடுக்கத் துண்டுகள் போதாமல், ஒரே துண்டைப் பலருக்கும் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியதாயிற்று. பிறகு அந்த உபரித் திறனையும் வீணாக்காமல், ஒவ்வொரு துண்டையும் இன்னும் நுணுக்கமாகச் சலிக்கும்படி நிரலை மாற்றி எழுதினார்கள்.

அந்த 107 விநாடிக்குள் ஒரு கணினி எதைத் தேடியது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

முதலில், பதிவு எவ்வளவு எளிமையானது என்று பாருங்கள். விநாடிக்கு 25 லட்சம் முறை வானத்தைத் தொட்டுப் பார்க்கும் அந்தக் கருவி, ஒவ்வொரு முறையும் அலை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை மட்டுமே குறித்துக்கொண்டது. எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்பதை விட்டுவிட்டது. ஒன்று அல்லது சுழி. இப்படிச் சுருக்கிப் பதித்தால் நுட்பம் கொஞ்சம் குறையும். ஆனால் நாடாவில் இடம் மிச்சமாகும், அதிக வானம் அடங்கும். அந்த ஒன்று, சுழிகளின் நீண்ட வரிசையிலிருந்து ஒரு மெல்லிய தொடர் ஓசையைக் கணிதத்தால் பிரித்தெடுக்க முடியும் என்பது இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

அடுத்தது பூமியின் சுழற்சி. அரெசிபோவின் தட்டு நிலத்தோடு பதிந்திருந்தது, திரும்பாது. வானத்தின் ஒரு புள்ளி அதன் பார்வைக்குள் நுழைந்து, நடுவுக்கு வந்து, மறுபக்கம் வெளியேற சுமார் 12 விநாடி ஆகும். ஆகவே அந்தப் புள்ளியிலிருந்து உண்மையிலேயே ஓர் ஒலிபரப்பு வருமானால், அது மெல்ல வளர்ந்து, உச்சம் தொட்டு, அதே வேகத்தில் தேய வேண்டும். விமான நிலைய ரேடார், பக்கத்து ஊர் ஒலிபரப்பு, செயற்கைக்கோள் ஆகிய எதற்கும் இந்த 12 விநாடி வடிவம் சாதாரணமாக வாய்க்காது. கருவிக்குள்ளே ஒரு வேலி போட்டுத் தடுக்க முடியாததை, பூமி தன் உருளலால் பிரித்துக் காட்டியது. 107 விநாடித் துண்டுக்குள் இந்த ஏற்ற இறக்கம் முழுசாக அடங்கிவிடும். அடுத்தடுத்த துண்டுகள் சற்றே ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நறுக்கினார்கள். விளிம்பில் விழும் ஓசையும் தப்பக் கூடாது.

மூன்றாவதுதான் கணினிகளைத் தின்றது. நம்மைக் கடந்து போகும் ரயிலின் ஊளை சுருதி இறங்குவதுபோல, சுழலும் கோளிலிருந்து புறப்பட்டு, சுழலும் கோளில் வந்து விழும் அலையின் அதிர்வெண் நகர்ந்துகொண்டே இருக்கும். அனுப்புகிறவர்களின் கோள் எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது? யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லா வேகத்தையும் முயன்று பார்க்க வேண்டும். நகர்வு இவ்வளவு என்று வைத்துக்கொள், அதற்கேற்ப அலையை நேர்செய், சலி, ஒன்றுமில்லையா, அடுத்த வேகம். இப்படி ஆயிரக்கணக்கான முறை. யாரோ ஒருவர் ஏதோ ஓர் உலகில் நின்று பேசுவதாக வைத்துக்கொண்டு, அந்த உலகின் சுழற்சியை ஒவ்வொன்றாகக் கற்பனை செய்து பார்ப்பதுதான் அந்த வேலை. திரையில் முகடுகள் எழுந்து அடங்கிய ஒவ்வொரு முறையும், இல்லாத ஓர் உலகத்துக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கப்பட்டது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

எந்த அதிர்வெண்ணில் கேட்பது என்பதற்கும் ஒரு கற்பனை தேவைப்பட்டது. 1959-இல் கொக்கோனி, மோரிசன் என்ற இரு இயற்பியலாளர்கள் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை அதற்கு வழி சொன்னது. அண்டத்தில் மிகுதியாக உள்ள தனிமம் ஹைட்ரஜன். அது இயல்பாக உமிழும் ரேடியோ அலை 1420 மெகாஹெர்ட்ஸ். வானைக் கவனிக்கத் தெரிந்த எவருக்கும் அந்த எண் தெரிந்திருக்கும். எனவே சந்திக்க விரும்பும் இருவர், முன்னேற்பாடு ஏதும் இல்லாமலே, அங்கே வந்து நிற்கக்கூடும். அடுத்த ஆண்டே ஃபிராங்க் டிரேக் மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்கில் இரண்டு விண்மீன்களை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பி, அந்த அதிர்வெண்ணில் கேட்டுப் பார்த்தார். செட்டி அட் ஹோமும் அதே 1420-ஐச் சுற்றிய 2.5 மெகாஹெர்ட்ஸை மட்டுமே எடுத்துக்கொண்டது. முழு ரேடியோ வெளியில் அது ஒரு மயிரிழை. நம்மைப் போலவே யோசிக்கிற யாரோ ஒருவர் அங்கே இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை அந்தத் தேர்வுக்குள் இருக்கிறது. அதைப் பலவீனம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது மரியாதையாகத் தெரிகிறது. எதிரே இருப்பவரும் யோசிப்பவர்தான் என்று முதலிலேயே ஒப்புக்கொள்வது.

சரி, இதில் வீட்டுக்காரர் கொடுத்தது என்ன? உழைப்பு இல்லை, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அறிவும் இல்லை, நிரலை எழுதியது வேறு யாரோ. கொஞ்சம் மின்சாரம், கொஞ்சம் தேய்மானம், மின்விசிறியின் இரைச்சல். இதைக் கொடை என்று சொல்லலாமா என்று கேட்டால், சொல்ல வேண்டும் என்பேன். தன் காலத்துக்குள் விடை கிடைக்கும் என்ற உறுதி இல்லை, தன் பங்குக்கு வந்த 107 விநாடியில் ஏதும் இராது என்பது ஏறக்குறைய நிச்சயம். இவ்வளவும் தெரிந்தே கதவைத் திறந்து வைத்தார்கள். எல்லாரும் ஒரே மனதோடு வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். முடித்த துண்டுகளின் எண்ணிக்கையைப் பட்டியலிட்டதும் போட்டி வந்தது. குழுக்கள் கட்டி, நாட்டுக்கு நாடு மோதினார்கள். சிலர் பட்டியலில் மேலே ஏற நிரலைத் திருத்திப் பொய்யான விடைகளை அனுப்பினார்கள். அளவுக்கு மீறி வேகப்படுத்தப்பட்ட சில இயந்திரங்கள், யாரும் பொய் சொல்லாமலே தப்பான விடை தந்தன.

இதற்குப் பெர்க்லியில் கண்ட தீர்வைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒரே துண்டை ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுப்பினார்கள். ஒருவர் யார், எங்கே இருக்கிறார், நேர்மையானவரா என்றெல்லாம் விசாரிக்கவில்லை. ஒருவரையொருவர் அறியாத இருவரின் விடைகள் ஒத்துப்போனால் அது உண்மை. தனித்தனியே யாரையும் நம்ப வழியில்லாத இடத்தில், அந்நியர்களின் உடன்பாட்டை நம்பலாம் என்று காட்டினார்கள். இந்த ஏற்பாட்டிலிருந்து பெர்க்லியில் ‘போயிங்க்’ என்ற பொது மென்பொருள் உருவானது. பருவநிலை மாதிரிகள், புரத மூலக்கூறுகளின் மடிப்பு, ஈர்ப்பலைகள் என்று பல ஆய்வுகள் வீட்டுக் கணினிகளுக்கு வந்தன. 2010-இல் ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்தில், அரெசிபோவின் தரவிலிருந்தே, அதுவரை அறியப்படாத ஒரு துடிப்பு விண்மீன் கிடைத்தது. அமெரிக்காவில் ஒரு கணினியும் ஜெர்மனியில் ஒரு கணினியும் தனித்தனியே அதே விடையைத் தந்திருந்தன. அதே தட்டு, அதே முறை, யாருடையவோ மேஜை. இந்த முறை கண்டுபிடிக்காது என்று யாரும் சொல்ல முடியாது.

வேற்றுலக ஒலிபரப்பு விஷயத்தில் ஒரு முறை செய்தித்தாள்கள் துள்ளின. 2003 மார்ச்சில் ஆய்வாளர்கள் அதுவரை சேர்ந்த விடைகளில் நம்பிக்கை தந்த சுமார் 200 இடங்களை அரெசிபோவால் மறுபடி பார்த்தார்கள். மீன ராசிக்கும் மேஷ ராசிக்கும் இடையே ஓரிடத்தில், 1420 மெகாஹெர்ட்ஸில், மூன்றாம் முறையாகவும் ஓர் ஓசை தட்டுப்பட்டது. 2004-இல் அது வெளியே தெரிந்ததும் ஆரவாரம். ஆனால் அந்தத் திசையில் ஆயிரம் ஒளியாண்டுத் தொலைவுக்குள் விண்மீன் ஏதும் இல்லை. அதன் அதிர்வெண் நகர்ந்த வேகமும் எந்தக் கோளின் சுழற்சிக்கும் பொருந்தி வரவில்லை. தற்செயல் என்றும் இரைச்சல் என்றும் திட்டத்தை நடத்தியவர்களே முதல் ஆளாக எழுந்து சொன்னார்கள். நன்கொடைக்கு அலைந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். அந்த ஆரவாரத்தை இன்னும் ஒரு வாரம் ஓடவிட்டிருந்தால் பணம் வந்திருக்கலாம். அவர்கள் அதைச் செய்யாததால்தான் பின்னால் அவர்கள் சொன்ன எல்லாவற்றையும் நான் நம்புகிறேன்.

2020 மார்ச் மாத முடிவில் துண்டுகள் அனுப்புவதை நிறுத்தினார்கள். சலிக்க வேண்டியதைச் சலித்தாயிற்று. குவிந்த விடைகளைப் பகுத்துப் பார்க்கச் சிறு குழுவுக்கு நேரம் வேண்டும் என்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அரெசிபோவில் ஒரு வடம் பிணைப்பிலிருந்து கழன்றது. நவம்பரில் இன்னொன்று அறுந்தது. டிசம்பர் 1 காலை, தட்டின் மேல் தொங்கிக்கொண்டிருந்த சுமார் 900 டன் மேடை அறுந்து விழுந்து, கீழே இருந்ததை நொறுக்கியது. அந்தத் தட்டு கேட்ட வானத்தில் ஒரு பகுதி இன்று வீடுகளில் சலிக்கப்பட்ட இந்த விடைகளாகவும் மிஞ்சியிருக்கிறது.

வீடுகளிலிருந்து வந்த விடைகள் மொத்தம் சுமார் 1,200 கோடி. ஒவ்வொன்றும் வானத்தின் ஒரு புள்ளியில், ஒரு கணத்தில், ஓர் அதிர்வெண்ணில் தென்பட்ட சிறு துடிப்பு. ஏறக்குறைய எல்லாமே நம் சொந்த இரைச்சல்: செயற்கைக்கோள், ரேடார், தொலைக்காட்சி, அடுப்படியின் மைக்ரோவேவ் வரை. வேற்றுலகத்தைக் கேட்கப் போனவர்கள், பெரும்பாலும் இந்த உலகம் எவ்வளவு பேசுகிறது என்பதைத்தான் கேட்டார்கள். அந்தக் குவியலைப் பிரிக்கப் பத்து ஆண்டுகள் பிடித்தன. ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் ஈர்ப்பியற்பியல் நிறுவனத்தின் பெருங்கணினி அதற்கு உதவியது. ஒருவேளை உண்மையான ஒலிபரப்பு வந்திருந்தால் தங்கள் சல்லடை அதைப் பிடித்திருக்குமா என்று சோதிக்க, ஆயிரக்கணக்கான பொய் ஓசைகளைத் தாங்களே உருவாக்கி உள்ளே கலந்து, அவை மேலே வருகின்றனவா என்று பார்த்தார்கள். கடைசியில் 1,200 கோடி சுமார் 10 லட்சமாகி, அவற்றிலிருந்து நூறு மிஞ்சின. மனிதக் கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்த நூறு. 2025 ஜூலை முதல் சீனாவின் 500 மீட்டர் ஃபாஸ்ட் தொலைநோக்கியை அந்த நூறு இடங்களுக்கும் திருப்பி மறுபடி கேட்கிறார்கள். ஏதாவது கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு அவர்களிடம் பெரிதாக இல்லை.

ஆனால் கிடைக்காமல் போனாலும் கையில் ஒன்று இருக்கிறது. அரெசிபோவின் கண்ணுக்கு எட்டிய வானம் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்த வானத்தில், அந்த ஆண்டுகளில், அந்த மெல்லிய அதிர்வெண் கீற்றில், இன்ன அளவுக்கு மேல் வலிமையான ஒலிபரப்பு எதுவும் தொடர்ந்து நம்மை நோக்கி வரவில்லை. எல்லைகள் இவ்வளவு தெளிவாக வரையப்பட்ட அந்த வாக்கியத்தை 1999-க்கு முன் யாராலும் சொல்ல முடிந்திருக்காது. பொய் ஓசைகளைக் கலந்து சோதித்ததால் அந்த ‘இன்ன அளவு’ ஓர் எண்ணாகவே கிடைக்கிறது. அடுத்து தேடுகிறவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது.

இரைச்சலை நீக்கும்போது நல்ல ஓசையையும் சேர்த்து எறிந்திருக்கலாம் என்ற ஐயம் ஆய்வாளர்களுக்கே உண்டு. அதை மறைக்காமல் பேசுகிறார்கள். அன்று வட்டில் இடம் போதாததாலும் கணினிகள் மெதுவாக ஓடியதாலும் சில முடிவுகளை அவசரத்தில் எடுக்க வேண்டியிருந்தது. இன்றைய வசதியில் அவற்றை வேறு மாதிரி எடுக்கலாம். இன்று பிரேக்த்ரூ லிஸன் போன்ற பெரிய தேடல்களில் கணிப்பின் பெரும்பகுதி தொலைநோக்கிக்குப் பக்கத்திலேயே அடுக்கப்பட்ட இயந்திரங்களில் முடிந்துவிடுகிறது. அதிர்வெண் பரப்பு பன்மடங்கு விரிந்திருக்கிறது, வேகமும் கூடியிருக்கிறது. அது நல்லதுதான். ஆனாலும் வீடுகள் அந்த வேலையிலிருந்து வெளியே நிற்பதை நான் இழப்பாகவே பார்க்கிறேன். விடை ஒருநாள் ‘ஆம்’ என்று வந்தால் அது உலகம் முழுவதுக்குமான செய்தி. ‘இல்லை’ என்றே தொடர்ந்தாலும் அதுவும் அவ்வளவே பெரிய செய்தி. இரண்டையும் ஒரு சில ஆய்வகங்களின் வாயிலிருந்து கேட்டுக்கொள்வதைவிட, என் பங்கை நானே சலித்துப் பார்த்தேன் என்று சொல்லக்கூடிய லட்சக்கணக்கானோர் இருப்பது மேல் என்று நினைக்கிறேன். 1999-இன் கணினியைவிடப் பல மடங்கு திறனுள்ள தொலைபேசிகள் இன்று இரவெல்லாம் சார்ஜில் கிடக்கின்றன. போயிங்க் அவற்றிலும் ஓடும். அரெசிபோவின் பழைய தரவைப் புதிய சல்லடையில் மறுபடி போட வேண்டும் என்று அவர்கள் கேட்டால், முதல் நாளே பதிந்துகொள்வேன்.